பத்தொன்பதாம் கேள்விக்கு ஆறாவது கட்டம்

பெருநகர் கிராமம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள டேனியல் சித்தப்பாவுக்கு, ஷீபா எழுதுவது.

இல்லை, நீங்கள் சந்தேகப்படுவதுபோல் படிவங்களை மரத்தடியில் உட்கார்ந்து நானே நிரப்பவில்லை. சித்தி சுகமா, உங்கள் முட்டிவலி எப்படி என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாம் நலம், வெயிலைத் தவிர.

முப்பத்தேழு படிவங்கள். பத்தொன்பதாம் கேள்விக்கு முப்பத்தேழிலும் ஒரே பதில். "இது கருத்துக்கணிப்பா, ஜெராக்ஸ் கடையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸில் இந்தக் கணிப்பு வேலை வாங்கிக் கொடுத்தவர், கேட்கலாம். எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பொறுக்கவில்லை.

ஏரியில் நூறு நாள் வேலை நடக்கிறது. போனேன். ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, வேறு யார் காதிலும் விழாமல் கேட்க வேண்டும் என்பது உங்கள் விதி. செங்கேணி அக்காவை வேலிக்காத்தான் மர நிழலுக்குக் கூப்பிட்டேன். பூமி சூடாகாமல் இருக்கச் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பெருக வேண்டும், அதற்காக மின்கட்டணம் பத்து சதவீதம் கூடினால் ஏற்பீர்களா என்று பத்தொன்பதாம் கேள்வியைப் படித்தேன்.

"இதுல இன்னாடி ரகசியம்? நகய அடவு வெக்கப் போறனா?" என்றாள். ஏரிப் பக்கம் திரும்பினாள். "ஏய், எல்லாம் வாங்கடி! ஏசுதாசு பொண்ணு கரண்டு கேள்வி கேட்டுக்கினு கீது!"

வந்துவிட்டார்கள். மண்வெட்டியோடு.

கோவிந்தம்மாள் அக்கா தன் வீட்டில் இலவச நூறு யூனிட்டே முழுசாக ஓடுவதில்லை, பில் சைபர், "சைபருக்கு பத்து பர்சென்ட்டு எவ்ளோ, ஒத்துக்கினேன்னு எய்திக்கோ" என்றாள், உடனே செங்கேணி அக்கா "உனுக்கு நோவலன்னா ஒத்துக்குவியா, போன சித்திரைல வெயில்ல மயக்கம் போட்டு வுயுந்தவ நானு" என்று பாய்ந்தாள், அதற்குள் தேவயானி அக்கா "ஏசி வெச்சவங்களயும் கேட்டியா, அவங்க இன்னா சொன்னாங்க" என்று என்னைப் பிடித்துக்கொள்ள, அதைச் சொல்லக் கூடாது என்று நான் விதியைச் சொல்ல, "அப்ப எங்களுத மட்டும் இன்னாத்துக்கு, பேஜாரு புடிச்ச கேள்வி" என்று பாதிப் பேர் எழுந்துகொள்ள, வருகைப் பதிவுக்கு போட்டோ எடுக்க வந்தவரும் ஒரு பக்கம் சேர்ந்துக்கினு, ஒண்ணரை மணி நேரம் சித்தப்பா, ஒருத்தி பேச்சை ஒருத்தி வெட்டி, கடைசியில செங்கேணி அக்கா சொன்னதுக்கு மட்டும் யாருகிட்டயும் மறுபேச்சு இல்லாம போச்சு.

"இந்த வெயில யாரு கரண்ட்ட ஓட்டி ஓட்டி உண்டாக்குனாங்களோ, அவங்க மொதல்ல சொல்லட்டும். அப்பால எங்கள கேளு. எங்கியும் ஓடிப் போவ மாட்டோம்."

உங்கள் படிவத்தில் ஐந்து கட்டங்கள். இதற்குக் கட்டம் இல்லை. 'கருத்து இல்லை' என்பதில் குறியிட எனக்குக் கை வரவில்லை. ஆறாவதாக ஒன்று வரைந்தேன். முப்பத்தேழு முறை. ஸ்கேல் வைத்து. அவரவரே பேனா பிடித்து டிக் போட்டார்கள். கோவிந்தம்மாள் அக்காவும், திட்டிக்கொண்டே.

ஆறை கம்ப்யூட்டர் எடுக்காது என்கிறீர்கள். எம்.ஏ.வில் பொதுக்கருத்து பற்றி இரண்டு வருடம் எழுதி மார்க் வாங்கினேன். அது உருவாவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். நம் தெருப் பெண்களிடம். நீங்கள் பிறந்த தெரு. எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை. வேண்டுமானால் என் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த முப்பத்தேழு பேரைக் கழித்துவிடாதீர்கள். நான் செய்த வேலையில் ஒரு பொய்யும் இல்லை.

சித்திக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்களையும் உங்கள் கம்ப்யூட்டரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அண்ணன் மகள்
ஷீபா

பின்குறிப்பு: ஒரு பொய் இருக்கிறது. போன் வீட்டு ஆண்களிடம் இருப்பதால் அக்காக்கள் எல்லாரும் என் நம்பரைத்தான் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நம்பர் என்பதைக் கவனிக்காமலே, சரிபார்க்க உங்கள் ஆபீஸிலிருந்து ஏழு முறை அழைத்தார்கள். அவர்கள் ஏரியில், நான் வீட்டில். ஆறு முறை, ஆறு குரலில், "ஆமா, நான்தான்" என்று சொன்னது நான். ஏழாவது அழைப்பின்போது கோவிந்தம்மாள் அக்கா பக்கத்தில் இருந்தாள், கொடுத்தேன். "உங்க வூட்ல எத்தினி ஏசி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஏழு பேரில் ஒருத்தி மட்டும் போலி, கிராமத்துப் பெண் போலப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது அவள்தான்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஏசி உள்ள வீடாக எனக்குத் தெரிந்தது உங்களுடையது ஒன்றுதான். வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு உத்திரமேரூரில் உங்கள் தாம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.