மாமாவை நான்கு மாதம் அழைத்துப்போகக் கேட்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே அக்காவும் பிள்ளைகளும் எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார். கடிதமென்றால் அவருக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். அதை அவர் எங்கே வைத்தார் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், இதை எழுதி முடிக்கும்வரை சொல்வதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவை, அதாவது உங்கள் அப்பாவை, அடுத்த மாதத்திலிருந்து ஒரு நான்கு மாதம் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக முடியுமா? எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்காக மூன்று தாளைக் கிழித்தேன். மாப்பிள்ளைக்குச் சலித்துப்போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு எதை வேண்டுமானாலும் நினையுங்கள்.

பதினாறு வருடம் வேலை பார்த்த செருப்புக் கடையை மூடியபோது, நாற்பத்தொரு வயதில் நான் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். "இத்தனை நாள் காலை வெளியில பாத்தீங்க, இனிமே உள்ளயும் பாருங்க" என்று நீங்கள்தான் போனில் சிரித்தீர்கள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் வந்துவிட்டார் என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் கூச்சம், நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களும் உட்கார்ந்தார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. இரண்டு வருடம் ஓடிவிட்டது, இன்னும் இருபது நாளில் கடைசித் தேர்வு. இந்த நேரம் பார்த்து எனக்கு முடிவெட்டுகிறவர், "இப்பல்லாம் மெஷினே படத்தைப் பாத்து மெஷினே சொல்லிடுதாமே, அப்புறம் நீங்க எதுக்குங்க?" என்று கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கத்தி இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்த பிறகும் பதில் வரவில்லை.

காலையில் உங்கள் தங்கை கிடங்கு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விடுவாள். அதற்குப் பிறகு மாமாவை எழுப்பி, வாக்கரைப் பிடிக்கவைத்து, கூடத்தில் நாலு நடை நடக்கவைத்து, குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து, அவர் தண்ணீர் சூடு போதாது என்று சொல்லும்போது இந்தப் பக்கம் எங்கள் மகள் பொடிசுக்குத் தலை பின்னி, அவளுடைய ஒரு கால் சாக்ஸைத் தேடி, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் மணிக்கட்டு எலும்புகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு நான் ஓடுகிற ஓட்டத்தில் ஒருநாள் என் நோட்டு பொடிசின் பைக்குள் போய்விட்டது, அவளுடைய வண்ணம் தீட்டும் புத்தகம் என் பைக்குள் வந்துவிட்டது. எங்கள் வாத்தியார் அதைத் திறந்து பார்த்து, யானைக்குப் பச்சை நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் இடுப்பு மூட்டைக் காணோமே என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இவன் தேறுவானா என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் பத்தொன்பது இடங்களுக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். படிப்பு முடிகிற நேரத்திலேயே போட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் ஆகியும் ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. முடிவெட்டுகிறவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் எதற்கோ போனைக் குடைந்தபோது பார்த்தால், ஆறு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஆறும் எடுத்துப் பேசி முடித்தவை. ஆறும் காலையில், போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பொடிசைப் பள்ளியில் விட நான் போகும் அந்த இருபது நிமிடத்துக்குள். மாமா முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, காலையில எனக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"என்ன கேட்டாங்க?"

"இருக்காரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்."

"எப்ப வருவார்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. வந்தாத்தான் தெரியும்னேன்."

"அப்புறம்?"

"அடுத்த ஆள் வாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

பழக்கதோஷம், இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? ஆறு பேருக்கும் நானே திரும்பக் கூப்பிட்டேன். ஐந்து இடத்தில் ஆள் எடுத்தாகிவிட்டது. ஆறாவது ஒரு எலும்பு மருத்துவமனை. வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் தங்கைக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை. மாமாவோடு இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கீழ்வீட்டுத் தையல்காரர் கன்னம் வீங்கிப் பல் பிடுங்கப் போய்விட்டார். பொடிசின் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து விடுமுறை. ஆக, நேர்முகத் தேர்வுக்கு நாங்கள் மூன்று பேராகப் போனோம். வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலை கொடுக்க யோசிப்பார்கள் என்று வாத்தியார் ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் பஸ்ஸில் போகும்போதே, "மாமா, அங்க நீங்க என்கூட வந்ததா காட்டிக்க வேண்டாம், சும்மா காத்திருக்கிற ஆள் மாதிரி உக்காந்திருங்க" என்று சொல்லி வைத்தேன். என் வாயால் நானே சொன்னேன் மச்சான். பொடிசை வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேலாளர் முதல் கேள்வியாக, "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?" என்றார். எனக்கு இருந்த படபடப்பில், "நாப்பத்தெட்டு வயசுல" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் தலைமை டெக்னீஷியன், வெள்ளைக் கோட்டுப் போட்ட குள்ளமான அம்மா ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "பேசினது போதும், ஆளைப் படுக்கவச்சுக் காட்டட்டும்" என்று எழுந்து வெளியே போனவர், இரண்டு நிமிடத்தில் வாக்கரோடு மாமாவை அழைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பெரியவர் உதவி பண்றேன்னு ஒத்துக்கிட்டார். இடுப்புப் படத்துக்குத் தயார் பண்ணுங்க. படம் எடுக்க வேண்டாம், நிலையை மட்டும் காட்டுங்க."

எனக்கு உடம்பிலுள்ள இருநூற்றாறு எலும்பும் ஒரே நேரத்தில் கழன்றுகொண்டதுபோல் இருந்தது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் அறிமுகத்தின் சாயல் துளிகூட இல்லை. நிஜமாகவே என்னை மறந்துவிட்டாரோ என்று ஒரு கணம் பயந்துபோனேன். விதிமுறைப்படி முதலில் பெயர் கேட்க வேண்டும்.

"ஐயா, உங்க பேரு?"

"எதுக்கு?"

"விதிமுறைங்க."

"விதிமுறைன்னா சரி" என்று இனிஷியலோடு சொன்னார்.

"ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கா?"

"ஆகியிருக்கு. எட்டு மாசம் ஆச்சு. வலது பக்கம் தகடு இருக்கு."

தலைமை டெக்னீஷியன் நடுவில் நுழைந்து, "வீட்ல யாருங்க பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு, "மருமகன் ஒருத்தன் இருக்கான். பரவாயில்லை" என்றார்.

அந்தப் 'பரவாயில்லை'யை நான் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, அவரைத் தூக்கி மேசையில் நேராகப் படுக்கவைத்தேன். இரண்டு பாதத்தையும் உள்பக்கமாகப் பதினைந்து டிகிரி திருப்ப வேண்டும் என்பது பாடம். இடது காலைத் திருப்பினேன். வலது காலைத் திருப்பாமல் அது அசையாமலிருக்கப் பக்கத்தில் மணல் மூட்டையை அணைத்து வைத்தேன்.

"அந்தக் காலு?" என்றார் அந்த அம்மா.

"அதுக்கு மேல திரும்பாதுங்க."

"திருப்பிப் பாக்காமலே எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் அந்தக் காலில் பேண்டை ஏற்றுகிறவன் நான். அதைச் சொல்ல முடியுமா? "தொட்டதும் முகம் சுருங்குச்சுங்க" என்றேன். சுருங்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு நொடி தாமதமாக, மாமா முகத்தைச் சுருக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். "எத்தனையோ பேர் என்னைத் தூக்கிப் படுக்க வச்சிருக்காங்க, இந்தத் தம்பி மாதிரி யாரும் இல்லை. தம்பிக்கு எந்த ஊரு?" என்று என்னையே கேட்டார். மேலாளர் அதைக் குறித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு, வாயெல்லாம் பிஸ்கட் தூளோடு பொடிசு உள்ளே வந்தாள்.

"அப்பா! தாத்தாவுக்கு மறுபடியும் ஒடஞ்சிடுச்சா?"

மேலாளரின் பேனா நின்றது. "இவர் உங்களுக்கு...?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா படுத்தபடியே, "எனக்கு இவரைத் தெரியாது" என்றார்.

"தாத்தா!" என்றாள் பொடிசு.

"இந்தப் பாப்பாவையும் தெரியாது."

அவள் அழுத அழுகை மூன்று அறை தாண்டிக் கேட்டது. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையால் மாமாவை எழுப்பி உட்காரவைத்து, "என் மாமனாருங்க, மன்னிக்கணும்" என்று நின்றேன். மேலாளர், "சொல்லி அனுப்பறோம்" என்றார். சொல்லி அனுப்புவதென்றால் என்ன அர்த்தம் என்று இந்த வயதில் எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொடிசு என் மடியில் தூங்கிவிட்டாள். மாமா அவளுடைய சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார்.

"கெடுத்துட்டேனா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. நான் சொன்னதைத்தானே செஞ்சீங்க."

இரண்டு நிறுத்தம் போயிற்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த போன் விஷயம். பழக்கதோஷம்னுதானே நினைச்சீங்க?" என்றார்.

"ஆமா மாமா."

"மொத ரெண்டு போன் பழக்கதோஷம்தான்."

மீதி நான்கைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "பகல்ல அந்த வீடு ரொம்பப் பெருசா இருக்கு" என்றார். நம் வீட்டுக் கூடத்தில் வாக்கரைத் திருப்பவே இடம் போதாது என்பது நீங்கள் பார்த்ததுதான்.

எனக்கு வேலை கிடைத்தால் அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உங்கள் தங்கை ஒருத்தியே இத்தனை பேரையும் சுமக்க வேண்டும். இதில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? நேற்று நுரையீரல் பாடத்தைப் பதினோரு முறை படித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. அதனால்தான் கேட்கிறேன் மச்சான். நான்கு மாதம் போதும். தேர்வை எழுதி, எங்கேயாவது ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு, வீட்டை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டு நானே வந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சின்ன வயதிலேயே படிப்பை முடித்து, நீடூழி வாழ வேண்டும். உங்கள் முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளவும். படம் எடுத்துப் பார்க்கவும் யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: மேலே கேட்டிருப்பதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் பொடிசைப் பள்ளியில் விடப் போனேன், இப்போதெல்லாம் போனைக் கையோடு கொண்டுபோகிறேன், பள்ளி வாசலில் நிற்கும்போது அது அடித்தது. அந்தத் தலைமை டெக்னீஷியன் அம்மாதான். தேர்வில் தேறினால் வந்து சேர்ந்துகொள்ளலாமாம். காலை எட்டிலிருந்து ஒன்றுவரை. "அவர் உங்க ஆள்னு எனக்கு முன்னாடியே தெரியும். உள்ள வர்றதுக்கு முன்னாடி குனிஞ்சு அவருக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டீங்க, நான் மாடிப்படியில நின்னு பாத்துட்டிருந்தேன். அதான் அவரையே கூட்டிட்டு வந்தேன்" என்றார். நின்ற இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, பள்ளிக் காவலாளி தண்ணீர் கொடுத்தார். உடனே உங்கள் தங்கைக்குப் போன் போட்டேன், மதிய ஷிப்ட் கேட்டிருக்கிறாள், கிடைத்துவிடும்போல் இருக்கிறது. காலையில் அவள், மதியம் நான், மாமா தனியாக இருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்தால், மாமா கட்டிலில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இரண்டு சட்டை, மாத்திரை டப்பா. மடித்த கம்பளி பக்கத்தில் தனியாக இருக்கிறது. நேற்று உங்கள் தங்கையிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி நான் சமையலறையில் மெதுவாகச் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. "அவன் எப்ப வர்றான்? நாலு மாசம்னா கம்பளி வேணும்ல?" என்றார். "மாமா, எனக்கு வேலை கிடைச்சிடும்போல இருக்கு" என்றேன். "அப்ப அவனை இன்னும் சீக்கிரமா வரச் சொல்லுங்க" என்றார். பையைப் பிரித்து, சட்டைகளைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.

அதனால் அழைத்துப்போக வராதீர்கள் மச்சான். ஒரு பத்து நாள் இருந்துவிட்டுப் போக வாருங்கள். கம்பளியை மட்டும் அலமாரியில் வைக்க மாமா விடவில்லை; நீங்கள் வந்தால் உங்களுக்கு வேண்டுமாம்.