கூரையில் ஓடும் காரும் ஒரு டம்ளர் காபியும்

பெண் பார்க்கப் போகிற பையன் வாயை மூடிக்கொண்டு சொஜ்ஜி சாப்பிட்டாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எனக்கு சொஜ்ஜி சாப்பிடத் தெரிந்தது. வாயை மூடத்தான் தெரியவில்லை.

அறுபதுகளின் கடைசி. மாதுங்காவில் வாசம், குர்லாவில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் வேலை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் வாங்கிப் படிப்பேன். (புரிந்ததா என்று கேட்காதீர்கள்.) பந்தயக் கார்களுக்கு இறக்கை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவற்றில் ஒன்றில் படித்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜாதகம் பொருந்தி, அம்மாவும் நானும் செம்பூருக்குப் பெண் பார்க்கப் போனோம். வசந்தா பாங்கில் வேலை பார்த்தாள். காபியை நீட்டிவிட்டு அவள் உட்கார்ந்ததுமே, இவள்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அம்மா முகத்திலும் சம்மதம் தெரிந்தது. இனி நான் சும்மா இருந்தால் போதும்.

வசந்தாவின் அப்பா மரியாதைக்குக் கேட்டார். "ஆபீஸ்ல கார் டிராயிங்கெல்லாம் போடுவேளோ?"

"இப்பல்லாம் பந்தயக் காருக்கு இறக்கை வைக்கறா மாமா. பறக்கறதுக்கு இல்லை, தரையோட அமுக்கறதுக்கு. வேகம் ஏற ஏற அமுக்கமும் ஏறும். காரோட எடையை விட அது ஜாஸ்தியாயிடுத்துன்னா, சுரங்கப்பாதைக் கூரையில தலைகீழாவே ஓட்டலாம்."

"எதுக்குத் தலைகீழா ஓட்டணும்?" என்றார் அவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்போது வசந்தா நிமிர்ந்து கேட்டாள். "வேகம் குறைஞ்சா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்கும்போது பெண் பாடலாம், கேள்வி கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. விழுந்துடும் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வறட்டுக் கௌரவம் விடவில்லை.

"காத்தோட பலத்தை இப்பப் பாருங்கோ" என்றேன்.

தண்ணீர் டம்ளரை அட்டையால் மூடி வாத்தியார் கவிழ்த்துக் காட்டியது ஞாபகம் வந்திருந்தது. (அதற்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.) கையில் விளிம்புவரை காபி. அட்டைதான் இல்லை. தாம்பூலத் தட்டில், மூலைகளில் மஞ்சள் தடவிய காகிதம் ஒன்று மடித்து வைத்திருந்தது. எடுத்து டம்ளரை மூடிக் கவிழ்த்தேன்.

"அது ஜாதகம்டா" என்றாள் அம்மா.

அதற்குள் காகிதத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு கணம் நின்றது. அப்புறம் வசந்தாவின் ஒன்பது கிரகங்களும் காபியுமாகத் தட்டில் விழுந்தன.

"நல்ல காரியத்துல இப்படி ஆயிடுத்தே" என்று அவள் அம்மா கண் கலங்கினாள். அவள் அப்பா நனைந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, பேப்பர் ஒன்றை விரித்துக் காயவைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

சகுனம் சரியில்லை என்று பெரியவர்கள் நினைப்பதாகப் பதில் வந்தது. "நேர்ல போய் மன்னிப்புக் கேளுடா, மனசு மாறினாலும் மாறும்" என்றாள் அம்மா. பஸ் ஸ்டாப்வரை போனேன். செம்பூர் பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் வந்து போனது. கூரையில் கார் ஓட்டத் துணிந்தவனுக்குத் தரையில் ஓடும் பஸ்ஸில் ஏறத் தைரியமில்லை. வீட்டுக்குத் திரும்பி, அவர்கள் வீடு பூட்டியிருந்தது என்று புளுகினேன்.

இப்போதும் சொந்தத்தில் யாருக்காவது பெண் பார்க்கப் போனால், "இவர் கையில காபியக் குடுக்கறதுக்கு முன்னாடி ஜாதகத்தை உள்ள வெச்சுடுங்கோ" என்று என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். என்னைவிட நன்றாகவே சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அவளிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வசந்தா என்னைப் பார்த்தாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். துளிக்கூடக் கோபமில்லாத சிரிப்பு. நான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.