ஜீப்புக்குக் கீழே ஒரு மாத்திரை

தெரியாத மொழியால் ஆபத்தே கிடையாது. அரைகுறையாகத் தெரிந்த மொழிதான் ஆளைக் கொல்லும். நான் கொல்லப் பார்த்தது என் மாமனாரை.

எழுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் கட்டட கான்ட்ராக்டராக இருந்த மாமா, மெட்ராசுக்குக் கப்பலேறிப் போய் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியிருந்தார். இனி நெஞ்சு இரும்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். (அவரும்தான். போர்ட் பிளேர் டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மீன் வறுவல் கேட்டார்.) சில மாதங்களில், மேடு ஏறும்போது மறுபடியும் நெஞ்சுவலி. எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகுமா?

ஆஸ்பத்திரியில் பெங்காலி டாக்டர் சொன்னதை மாமாதான் எனக்குத் தமிழில் சொன்னார். ஆபரேஷனில் ரத்தத்துக்குப் புது வழி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடைப்பு நோய் உள்ளேயேதான் இருக்கிறது, ஆயுசுக்கும் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். மாமா ஜீப்பில் ஏறப் போனதும் டாக்டர் என்னிடம் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, "தர்த் ஹோ தோ கோலி ஜீப் கே நீச்சே ரக்னா. நிகல்னா நஹீ" என்றார்.

கல்யாணமாகித் தீவுக்கு வந்த புதிது. இந்தியில் ஏழெட்டு வார்த்தை வரும். எழுநூறு வருவதாக நினைப்பு. எனக்குப் புரிந்தது இது: வலி வந்தால் மாத்திரையை ஜீப்புக்குக் கீழே வை, வண்டியைக் கிளப்பாதே. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஊரில் பிறந்தவன் நான்.

அடுத்த வாரம் பத்துபஸ்தியில் ஒரு கட்டட வேலையைப் பார்க்கப் போனோம். மேடேறி ஜீப்புக்கு வந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. டிரைவர் அப்பாராவ் அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

"நிகல்னா நஹீ!" என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன்.

"கியோன் சாப்?" என்று காரணம் புரியாமல் திகைத்த அப்பாராவ் எஞ்சினை நிறுத்தினார். நான் ஜீப்புக்கு அடியில் புகுந்து, மாமாவின் சீட்டுக்கு நேர் கீழே மண்ணில் ஒரு மாத்திரையை வைத்தேன். (பக்தியோடு.)

"மாப்ளே... கீழ என்ன பண்றீங்க?"

"மாத்திரை வச்சிட்டேன் மாமா! இனி சரியாயிடும்!"

வெளியே வந்து பார்த்தால், மாமா நாக்கை நீட்டி அதை விரலால் காட்டிக்கொண்டிருக்கிறார். பேச மூச்சில்லை. "ஐயோ, நாக்குத் தள்ளிடுச்சே!" என்று நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். நிஜமான அழுகை. அவர் மகளிடம் போய் என்ன சொல்வேன்?

அந்த நிலைமையிலும் மனிதர் எட்டி என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சில நிமிடங்களில் முகம் தெளிந்தது.

"அரே மாப்ளே, இந்தில ஜீப்னா நாக்கு" என்றார் மெதுவாக. "நிகல்னா நஹீன்னா முழுங்காதேன்னு அர்த்தம். கிளம்புறதுக்கு 'நிக்கல்னா', அது வேற."

அப்பாராவ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கே போனோம்.

மாமா அதற்குப் பிறகும் நிறைய வருஷம் இருந்தார். பாட்டில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. என்னை நம்பி ஒருநாளும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் நாக்குக்குப் பெயர் ஜீப்தான். சூடாக டீ குடித்துவிட்டு, "ஜீப் வெந்துபோச்சு" என்கிறான் பேரன். விருந்தாளிகள் முன்னால் நான் பேச்சை வளர்த்தால் அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள் என் மனைவி:

"போதும், ஜீப்பை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்துங்க!"