முதுகில் மண் காணாதவர்

ரத்தினசாமிப் பயில்வான் மல்லாந்து கிடந்தார்.

அசதியில் படுத்திருந்தால் பரவாயில்லை. விழுந்து கிடந்தார். அதுவும் எங்கே? கோதாவில். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இரண்டு வண்டி செம்மண் வரவழைத்து, மஞ்சளும் குங்குமமும் நல்லெண்ணெயும் கொட்டி, மோர் ஊற்றிப் பிசைய வைத்திருந்த அவருடைய சொந்தக் கோதாவில்.

நடந்தது இதுதான். மைதானத்து வாசலில் அன்றைக்குத்தான் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். அதில் அவர் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. பெயரை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வெற்றுடம்போடு, வளைவைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். கோதாவின் கரைக்கு வந்ததும் எதிலோ இடித்தது. கால் மேலே போனது, தலை கீழே வந்தது, அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம்.

அவமானத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாரோ தெரியாது. திறந்து பார்த்தபோது கரையில் மோர்ப்பானைகள் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது. மண் கொண்டுவந்த வண்டி மாடு அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தது. மற்றபடி ஒரு ஈ காக்கை இல்லை.

'பாழாய்ப் போன பானை தட்டி விட்டுருச்சு' என்று நினைத்தபடி எழுந்தார்.

வேறு ஒருவர் விழுந்திருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்பார். இவரால் முடியாது. கோயமுத்தூர் ஜில்லாக் கொள்ளேகாலத்திலிருந்து இருபது வயதில் மைசூருக்கு வந்தவர். அறுபத்தோரு குஸ்தி. ஒன்றில்கூட அவர் முதுகு மண்ணில் பட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் ஸ்ரீரங்கப்பட்டணத்து மல்லப்பனைச் சாய்த்து வெள்ளிக் கதாயுதம் வாங்கியதோடு லங்கோட்டை மடித்து வைத்துவிட்டு, குஸ்தி நடத்த ஆரம்பித்தார். இந்தப் பதினைந்து வருஷத்தில் ஹாசன் பயில்வானையும் பெங்களூர் பயில்வானையும் ஒரே மண்ணில் மோதவிட்டது அவர்தான். மைசூர்ச் சீமையில் 'ரத்தினசாமி நோட்டீஸ்' ஒட்டினால் அன்றைக்கு ஜட்கா வண்டி கிடைக்காது.

அந்த நோட்டீஸின் கடைசி வரி எப்போதும் ஒன்றேதான். அவரே எழுதியது: 'என் முதுகில் மண் காட்டுபவர் எவராயினும், எவ்வூராயினும், எவ்வயதாயினும், என் வெள்ளிக் கதாயுதம் அவருக்கே. இப்படிக்கு, முதுகில் மண் காணாத ரத்தினசாமி.'

இதோடு விட்டாரா? ஒவ்வொரு குஸ்திக்கும் முன்னால் சட்டையைக் கழற்றிக் கோதாவில் இறங்குவார். நாலு திசைக்கும் முதுகைக் காட்டி, "மண் இருக்குதா?" என்று கேட்பார். நாலாயிரம் பேரும் "இல்லை!" என்று கத்துவார்கள். அப்புறம்தான் முதல் ஜோடி இறங்கும். இன்றைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கும் அப்படித்தான் காட்டியாக வேண்டும்.

மைதானத்துக் கிணற்றடிக்கு ஓடினார். தேய்த்துக்கொள்ளக் கை எட்டவில்லை. பயில்வான் கைக்கு எல்லாம் எட்டும், சொந்த முதுகு எட்டாது. வண்ணான் விட்டுப்போயிருந்த சலவைச் சோப்பைத் துண்டில் குழைத்து, துண்டின் இரண்டு முனையையும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார். மண் போயிருக்கும் என்று பயிற்சிக் கூடத்து நிலைக்கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

மண் போயிருந்தது. மஞ்சள் போகவில்லை. சோப்புப் பட்ட மஞ்சள் ஆரத்தித் தண்ணீர் நிறத்தில் சிவந்து, தோளிலிருந்து இடுப்பு வரை பளபளத்தது. முன்னே பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது சாமுண்டி மலையிலிருந்தே தெரியும் போலிருந்தது.

"அட ராமா!" என்றார்.

"ஏனுங்கண்ணா..." என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். கோதாவுக்கு மோர் ஊற்றுகிற மாதம்மா. அவர் ஊர்க்காரி. ஐம்பது வயசு, குச்சி போல உடம்பு. "ஒரு சங்கதி சொல்லோணுமுங்க."

"காலிப் பானைதானே? சாயந்தரம் வந்து எடுத்துக்க!"

"பானை இல்லீங்க, காலையில..."

"அட, போ தாயி! நானே தவிச்சுப் போயி நிக்கறேன்!"

அவள் போய்விட்டாள். ரத்தினசாமி ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஊர்வலம். முன்னால் பேண்டு, பின்னால் பயில்வான்கள், நடுவில் திறந்த ஜட்காவில் மடியில் கதாயுதத்தோடு ரத்தினசாமி. ஏப்ரல் மாசத்து வெயில் மண்டி மொஹல்லாத் தெருக்களைப் பொரித்துக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் அவர் வெந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பசவராஜ். குஸ்தி ஏற்பாட்டில் அவருக்கு வலது கை. நல்ல மனுஷர்தான். வாய் மட்டும் பேண்டு வாத்தியத்துக்குப் போட்டி.

"ஏன் ஸ்வாமி, இந்த பிசில்ல, இந்த வெயில்ல, கோட்டு எதுக்கு?" என்றார்.

"கொஞ்சம் குளிருது."

"குளிரா? ஐயோ, ஜ்வரம்!" பசவராஜ் வண்டியிலேயே எழுந்து நின்றார். "பேண்டு நில்லு! பயில்வானுக்கு ஜ்வரம்! மெதுவா வாசிங்கப்பா!"

பேண்டு மெதுவாக வாசித்தது. கல்யாண மெட்டை மெதுவாக வாசித்தால் அது வேறு ஊர்வலம் போலக் கேட்கும். கடைக்காரர்கள் வெளியே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒருவர் சுக்குக் கஷாயம் நீட்டினார். இன்னொருவர் அதன் மேல் மிளகுக் கஷாயம் நீட்டினார். மறுத்தால் சந்தேகம் வரும் என்று எல்லாவற்றையும் குடித்தார். வேர்வை கோட்டை நனைத்தது. "ஜ்வரம் விடுது, விடுது!" என்று பசவராஜ் சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து இறங்குவதற்குள் சேதி முன்னால் வந்திருந்தது. மனைவி நாச்சம்மாள் சூடாக்கிய தைலக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"கோட்டைக் கழட்டுங்க. முதுகுல தைலம் தேய்க்கோணும்."

"நெஞ்சுல தேச்சாப் போதும்."

"சளி முதுகுலதானுங்க கட்டும். திரும்புங்க."

"வேண்டாம் நாச்சி."

"அட, என்ற கைக்கு உங்க முதுகு புதுசா? திரும்புங்கன்னா!"

அறுபத்தோரு பேரிடம் சிக்காத மனுஷர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய், சமையற்கட்டின் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வேறு வழி தெரியவில்லை.

"இது காய்ச்சல் இல்லை. வேண்டுதல்!" என்றார். "சாமுண்டியம்மாளுக்கு. சாயந்தரம் வரைக்கும் கோட்டைக் கழட்டறதில்லைன்னு."

"எப்ப வேண்டினீங்க?"

"காலையில."

"எதுக்கு?"

"ஊரு நல்லாருக்க."

நாச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொன்னா உங்களுக்கு ஒரு காது செவக்கும். இன்னைக்கு ரெண்டும் செவந்திருக்குது. சாமி பேரை இழுத்திருக்கறீங்க, பாத்துக்குங்க" என்று கிண்ணத்தை அடுப்போரம் வைத்தாள்.

அது அவளோடு முடிந்திருக்கும். ஆனால் வாசற்படியில் பசவராஜ் நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா தாயே! ஊருக்காக வேண்டுதலா? இதைச் சும்மா விடலாமா? ஆறு மணிக்கு மல்லப்பன் கையால கோட்டு கழட்டறோம். அந்த முதுகுக்கு அவரே சந்தனம் பூசறார். இப்பவே தமுக்கு போட்டுடறேன்!"

"பசவராஜ், கொஞ்சம் நில்லுங்க..."

தமுக்குச் சத்தம் அடுத்த தெருவில் கேட்டது. ரத்தினசாமி வாசலில் வந்து பார்த்தார். பசவராஜ் இல்லை, மாதம்மாதான் நின்றாள்.

"அண்ணா, அந்தச் சங்கதி..."

"பானை பத்திரமா இருக்குது மாதம்மா! என்னைக் கொஞ்சம் உசுரோட விடு!"

ஐந்தரை மணிக்கு மைதானத்தில் எள் போட இடமில்லை. வழக்கமாக நாலாயிரம், அன்றைக்கு ஏழாயிரம் இருக்கும். வேண்டுதல் கோட்டைப் பார்க்கவே அக்ரஹாரத்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. தலைமை வகிக்கத் தாலுகா அதிகாரியான அமல்தார் சாம்பசிவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். குஸ்தி நோட்டீஸையும் அப்படியே படித்துக்கொண்டிருந்தார்.

மல்லப்பன் கோதாவின் கரையில் ஏறினார். அறுபது வயது, நரைத்த மீசை, இன்னமும் மலை மாதிரி தோள். கோதாவுக்கு மண் அனுப்புவது வருஷா வருஷம் அவர்தான், காவிரிக் கரையில் தன் கொல்லையிலிருந்து.

"நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் தோத்தேன்," என்று மார்பைத் தட்டினார். "எல்லாரும் தோல்வியை மறைப்பாங்க. நான் பேரன்கிட்டயும் பெருமையா சொல்றேன். ஏன்? நான் தோத்தது முதுகுல மண் காணாத மனுஷன்கிட்ட! அந்த முதுகு இருக்கிற வரைக்கும் என் தோல்விக்கும் மரியாதை உண்டு!"

கூட்டம் ஆரவாரித்தது. தன் பெயர் போனால் போகட்டும் என்று ரத்தினசாமிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அதோடு இந்த மனுஷனின் பெருமையும் அல்லவா போகிறது! தேமல் என்று சொல்லலாம். கஷாயச் சூடு என்றும் சொல்லலாம். இந்த மண்ணில் நின்றுகொண்டு, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

கோட்டைத் தானே கழற்றினார். திரும்பினார்.

ஏழாயிரம் பேரும் கழுத்தை நீட்டி அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள்.

"மண் இருக்குதான்னு இன்னைக்கு நான் கேக்கப் போறதில்லீங்க," என்றார். "காலையில இந்தக் கோதாவுல மல்லாக்க விழுந்துட்டேன். காய்ச்சலும் பொய், வேண்டுதலும் பொய். மல்லப்பண்ணா, என்னை மன்னிச்சுக்கோணும். சாமுண்டியம்மாளும் மன்னிக்கோணும்."

மல்லப்பன் பக்கத்தில் வந்தார். சிவந்த முதுகை உற்றுப் பார்த்தார். "தள்ளினது யாரப்பா?"

"யாருமில்லை. பானை தடுக்கி நானேதான்."

மல்லப்பனின் மீசை மெல்ல மேலே ஏறியது. "அப்ப அது தோல்வியா? என் கொல்லை மண்ணு தன் கையால உனக்கு முதுகு தேச்சுவிட்டிருக்கு, அவ்வளவுதான்!"

அமல்தார் தொண்டையைக் கனைத்தார். நோட்டீஸை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தார். "இதில் 'முதுகில் மண் காட்டுபவர் எவராயினும்' என்றுதான் இருக்கிறது. காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். பானை ஆள் ஆகாது. மண்ணும் ஆகாது. எதிராளி இல்லாத வழக்கில் எப்படித் தீர்ப்புச் சொல்வது? பயில்வான் தோற்கவில்லை."

அவ்வளவுதான். தொப்பிகளும் தலைப்பாகைகளும் ஆகாயத்தில் பறந்தன. பசவராஜ் அழுதுகொண்டே பேண்டை வேகமாக வாசிக்கச் சொன்னார். மல்லப்பன் சந்தனத்தை அள்ளி அந்தச் சிவந்த முதுகு முழுக்கப் பூசினார். காலையிலிருந்து கூனிக்கிடந்த ரத்தினசாமியின் மார்பு பழையபடி விரிந்தது. கொஞ்சம் கூடவே விரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக் கதாயுதத்தைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"கேட்டுக்குங்க!" என்று கர்ஜித்தார். "இந்த ரத்தினசாமியைத் தள்ள இன்னும் ஒரு ஆளு பொறக்கலை! அப்படி ஒரு ஆளு இருந்தா இப்பவே முன்னால வரட்டும். மறுபேச்சுப் பேசாம இந்தக் கதாயுதத்தை அந்தக் கையில குடுக்கறேன். சாமுண்டியம்மாள் மேல ஆணை, இது பொய்யில்லை!"

"எதிராளி உண்டா?" என்று அமல்தார் கோர்ட்டுக் கச்சேரி வழக்கப்படி மூன்று தரம் கூப்பிட்டார்.

முதல் தரம் யாரும் வரவில்லை. இரண்டாம் தரமும் யாரும் வரவில்லை. மூன்றாம் தரம் கோதாவின் கரையோரமாகக் கூட்டம் கொஞ்சம் விலகியது. தலையில் காலிப் பானைகளை அடுக்கிக்கொண்டு மாதம்மா முன்னால் வந்து நின்றாள்.

"காலையிலிருந்து அதைத்தானுங்கண்ணா சொல்ல வாரேன், நீங்க கேட்டாத்தானே! கரையில குனிஞ்சு மோர் ஊத்தீட்டு இருந்தனுங்க, நீங்க பின்னாலயே நடந்து வந்து என்ற முதுகு மேல சாஞ்சீங்க, நான் பதறிப்போயி வெடுக்குனு நிமுந்துட்டேன், நீங்க அந்தப்பக்கம் போயி விழுந்தீங்க, பயத்துல வண்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதாயுதத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கறனுங்க, இன்னைக்குத் தலையில பானை இருக்குது."