செக்போஸ்ட்டில் கேட்டால் சொந்த வண்டி

கார் பராமரிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயில் எப்போது மாற்றுவது, டயரை எப்போது இடம் மாற்றிப் போடுவது என்று எல்லாம் சொல்வேன். "சும்மா நிக்கிற வண்டிய மாச வாடகைக்கு விடலாமா சார்?" என்று யாராவது கேட்டால் மட்டும், "வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு விடுங்கள்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் கன்னடச் சீமையில், தொம்மலூரில் குடியிருந்தோம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. (அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்க மாதச் சம்பளம். என் பொருளை யாரும் சோதித்ததில்லை.) கார் என் மனைவி சரோஜாவுடையது. அவளுடைய அப்பா ஓட்டிய வெள்ளை அம்பாசடர். காலமாவதற்கு முன் அதை அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே அது என் கார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். கார் வாசலில் நின்றது. நிற்கிற வண்டிக்குப் பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கமாக அமுங்கும், எலி ஒயரைக் கடிக்கும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, யாராவது தினமும் ஓட்டுவது. அந்த யாராவது நமக்கு மாதாமாதம் பணமும் கொடுத்தால்? இப்படித்தான் படித்தவன் மூளை வேலை செய்கிறது. பசவராஜு என்கிற டிராவல்ஸ்காரரிடம் வண்டியை விட்டேன். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எல்லாரும் பண்றாங்க சார்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சமாதானம் தேவைப்படவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: வண்டி தொம்மலூர்ப் பக்கம் தலைகாட்டக் கூடாது. (வந்த வாடகை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஷேர் மார்க்கெட்.)

சரோஜாவிடம், "இன்ஜின் வேலை, ஷெட்டில் இருக்கு" என்றேன். இன்ஜின் முடிந்து கியர்பாக்ஸ் வந்தது. கியர்பாக்ஸ் முடிந்து பின் ஆக்ஸில். போகப் போக, ஒரு காரில் இருக்கும் பாகமெல்லாம் தீர்ந்து, இல்லாத பாகங்களை நான் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஓசூரில் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. அண்ணி போனில் பேசியது எனக்கே கேட்டது. "ஏன் சரோஜா, மாமா வண்டி இன்னும் ஷெட்லதானா? எங்ககிட்ட இருந்திருந்தா கல்யாண வண்டி மாதிரி வெச்சிருப்போம். சரி, பஸ்லயே வந்துடு."

சரோஜா போனை வைத்தாள். அந்த வண்டியை அண்ணனும் கேட்டிருந்தார். அப்பா இவளுக்குத்தான் கொடுத்தார். அதைக் கெடுத்துவிட்டவளாக அந்த வாசலில் போய் இறங்க அவளுக்கு மனமில்லை.

"வாடகைக்காவது ஒரு கார் எடுத்துட்டுப் போலாங்க. பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு டிராவல்ஸ் சொன்னாங்க, போன் பண்ணிட்டேன்" என்றாள். எந்த டிராவல்ஸ் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அறிவில்லை. பஸ் இல்லை என்ற நிம்மதியில் இருந்தேன்.

ஞாயிறு காலை வாசலில் ஹாரன் அடித்தது. அந்தத் தொண்டை கட்டின ஹாரனை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். வெளியே வந்து பார்த்தேன். அதே நம்பர். டேஷ்போர்டில் மாமனார் ஒட்டிய அதே பிள்ளையார். பசவராஜுவின் வேறு வண்டி எதுவோ காலையில் கிளம்ப மறுத்ததால், இதை அனுப்பிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மகள் கவிதா, "அப்பா! நம்ம கா—" என்று ஆரம்பித்தாள். சரோஜா அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான்.

டிரைவர் ஷஃபி நீலசந்திராக்காரன், பேச்சுக்காரன். வண்டியைப் பசவராஜுதான் என்னிடமிருந்து வாங்கிப் போனார். அதனால் ஷஃபிக்கு என்னைத் தெரியாது. முன் சீட்டில் அவன் பக்கத்தில் நான். பின் சீட்டிலிருந்து சரோஜா இனிமையாகக் கேட்டாள், "யார் வண்டிப்பா இது?"

"அத்த ஏன்க்கா கேக்கறீங்க? யாரோ பெரிய ஆபீசராம். பேஜார் பார்ட்டி. பொண்டாட்டிக்குத் தெரியாம வுட்டிருக்கானாம்! எங்க ஓனர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்படியா! ஏன் தெரியாம?"

"பயம்க்கா. வேற என்னா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லா வெச்சிருக்கியா வண்டிய?"

"சூப்பரா ஓடும்க்கா. போன வாரம் தக்காளிப் பொட்டி ஏத்துனோம். அதான் லேசா ஒரு வாசனை." ஷஃபி என்னைப் பார்த்து, "என்னா சார், ஏசி இல்லேன்னு வேர்க்குதா?" என்றான்.

"போன மாசம் பெரிய மழை பெஞ்சுதே, ரோடெல்லாம் ஆறு மாதிரி. அன்னிக்கு இது எங்க போச்சு?" என்றாள் சரோஜா.

அன்று கவிதாவுக்கு அனலாய்க் காய்ச்சல். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சரோஜா ஆட்டோவுக்காக மழையில் நின்றாள். நான் வேலையில் இருந்தேன். போனில், "இந்த நேரம் பார்த்து வண்டி ஷெட்டில்" என்று வருத்தப்பட்டேன்.

"அன்னிக்கா?" ஷஃபி யோசித்தான். "ஆங், ஒரு சேட்டு வீட்டு நாயி. தும்மிக்கினே இருந்துச்சு. நாய் டாக்டர்ட்ட இட்டுனு போனோம். இந்தச் சீட்டுலதான் படுத்திருந்துச்சு, ராஜா மாதிரி."

கவிதா முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். சரோஜா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாநில எல்லை நெருங்கியது. ஷஃபி வேகத்தைக் குறைத்தான். "அக்கா, சார், கொஞ்சம் கேளுங்க. செக்போஸ்ட்ல புடிச்சா வாடகைன்னு சொல்லிடாதீங்க. சொந்த வண்டின்னு சொல்லுங்க. சார்தான் ஓனர், நான் சம்பளத்துக்கு ஓட்டுறவன். கொஞ்சம் தைரியமாச் சொல்லுங்க சார், நீங்க முழிக்கிற முழியே சரியில்ல."

பிடித்தார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "ஓனர் யாரு?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "நீவேனா சரோஜா?"

நீங்கள்தான் சரோஜாவா என்று ஒரு அரசாங்க அதிகாரி என்னைக் கேட்டார். நான், கடவுள் சாட்சியாக, "ஹௌது சார்" என்றேன். ஆமாம் என்றேன்! பயத்தில் மனிதன் எதற்கும் தலையாட்டுவான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஷஃபி ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பின்கதவு திறந்தது. சரோஜா இறங்கினாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் வீட்டுச் சாவி, பீரோ சாவியோடு காரின் இரண்டாவது சாவியும் தொங்கியது. டிக்கியைத் திறந்து காட்டினாள். நல்ல கன்னடத்தில் சொன்னாள்: "நான்தான் சரோஜா. எங்கப்பா எனக்குக் கொடுத்த வண்டி. அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போறோம்."

"அப்போ இவர் ஏன் இப்படி நடுங்குறார்?"

அந்த இடத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வண்டியும் போயிருக்கும், என் மானமும் போயிருக்கும். "அவருக்கு வெயில் ஒத்துக்காது சார்" என்றாள்.

விட்டுவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஷஃபி, "அக்கா, என்னா ஆக்டிங்! பேரு வேற கரெக்டா அமைஞ்சிருச்சு. ஆனா அந்தச் சாவி எப்படி..." என்றவன் பாதியில் நிறுத்தினான். பிள்ளையாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அப்ப அந்தப் பேஜார் பார்ட்டி..."

"நான்தாம்பா" என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அது.

ஓசூர் வாசலில் அண்ணி, "அட, வண்டி ஷெட்லேந்து வந்துடுச்சா!" என்றாள்.

"வந்துடுச்சு அண்ணி. இனிமே போகாது" என்றாள் சரோஜா. ஷஃபியை முதல் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். என்னிடம் ஒரு வாளியும் துணியும் வந்தன. தக்காளி வாசனை போகும்வரை பின் சீட்டைத் துடைத்தேன். நாய் முடியும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த மறுநாளே பசவராஜுவோடு கணக்கைத் தீர்த்தேன். சரோஜா ஷஃபியிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த அம்பாசடர் போய் இப்போது மூன்றாவது கார். எதையும் நான் ஓட்டியதில்லை. அவள் சாவி கொடுத்ததில்லை, நான் கேட்டதுமில்லை. செக்போஸ்ட் கதையைக் கவிதா உளறிவிட்டதால், மச்சினர் வீட்டில் என் பெயர் சரோஜா. பேத்திகூட, "சின்ன சரோஜாவா, பெரிய சரோஜாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனைக் கொடுக்கிறாள்.

ஓசூர் போகும்போதெல்லாம், அந்த எல்லை வந்ததும் அவள் வேகத்தைக் குறைப்பாள்.

"யார் வண்டிங்க இது?"

"உன் வண்டி, சரோஜா."

"தைரியமாச் சொல்லுங்க" என்பாள். சொல்வேன். அதன் பிறகுதான் கியரை மாற்றுவாள்.