பல்லியண்ணனும் துரை அண்ணனின் முகமும்

செத்ததைப் பேசவைக்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் இருப்பது அந்தமானில், டாலிகஞ்ச் மேட்டில், தகரக் கூரை போட்ட ஓர் ஒற்றை அறையில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு நான் திரிந்த ஊர்களில் மந்திரவாதிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் உள்ளே இருப்பதை ஓட்டிவிடுகிறவர்கள். உள்ளே இருப்பது ஓடிவிடாமல் பிடித்துத் தருகிறவர் இவர் மட்டும்தான்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கலாம். ஊருக்கு அவர் பல்லியண்ணன். வீட்டில் போட்டோவும் சினிமாவும் ஏற்றிவைக்கிற ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் 'டிக் டிக்' என்று பல்லி மாதிரி கத்தும். அதைக் காதில் வைத்துக் கேட்டே எங்கே நோய் என்று சொல்லிவிடுவார். அப்படி வந்த பெயர்.

அந்த அறைக்குள் பகலிலும் அரை இருட்டுதான். கூரை மரத்தில் பழைய டிஸ்க்குகள் நூலில் தொங்கும். காற்றடித்தால் அத்தனையும் மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கும். சுவரெல்லாம் நிஜப் பல்லிகள். எங்கிருந்தோ 'டிக் டிக்' என்று வரும். முதல் நாள் நான் கேட்டேன்:

"அண்ணே, கத்துறது பல்லியா, டிஸ்க்கா?"

"ரெண்டும் ஒரே பாஷை தானே தம்பி. நடுவுல நீ கத்தாத."

இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து தீவுக்கு வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. வாயில் அந்தத் தமிழும் தீவு இந்தியும் கலந்து வரும். அறைக்குள் 'செத்துப்போச்சு' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. அபர்டீன் பஜாரிலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர் வந்தார். "டிஸ்க் செத்துப்போச்சுண்ணே" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"சுப்! வாய மூடு! அதுக்குக் காது கேக்கும்!"

ஆளை வெளியே மழையில் நிற்கவைத்து, ஜன்னல் வழியாக டிஸ்க்கிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கல்யாண வீடியோ போனால் இரண்டு குடும்பமும் சேர்ந்து உதைக்கும் என்ற பயத்தில், போட்டோகிராபர் தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை கேட்டார். சாயங்காலம் டிஸ்க் சுற்றியது. நான் சிரிக்கவில்லை. அந்த அறையில் சிரிப்பு வராது.

அப்போது நான் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத மழை நாளில் பல்லியண்ணன் அறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். முதலில் படகுத்துறைக் கொட்டகையில் படுத்தேன். அங்கே காய்ச்சல் வந்து கிடந்தபோது, மல்லிகாக்கா தன் வீட்டுப் பின்கொட்டகையில் இடம் கொடுத்தார். ராமநாதபுரம் பக்கத்து மனுஷி. புருஷன் துரை அண்ணன் மீன்பிடிக்கப் போனவர். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை.

மகள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்துக்குக் கிளம்புமுன் பெண், அப்பா படத்துக்கு மாலை போட்டு விழுந்து கும்பிட வேண்டும். மாட்டுவதற்குப் படம் இல்லை. ஆல்பத்தை ஈரக்காற்று தின்றுவிட்டது. போன் அவரோடு கடலுக்குள் போய்விட்டது. ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மல்லிகாக்கா ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இத மாட்டுனா மாப்பிள வீட்டுக்காரங்க போலீஸுக்குப் போயிருவாக தம்பி."

மிச்சமிருந்தது டிவிக்குப் பின்னால் செருகிவைத்திருந்த ஹார்ட் டிஸ்க். வீட்டுப் படங்கள் அதில்தான். ஆனால் டிவியில் ஒன்றும் வரவில்லை. பல்லியண்ணனை அழைத்து வந்தேன்.

"டிவிய போடுங்க" என்றார்.

போட்டதும் பின்னாலிருந்து 'டிக் டிக்' என்றது. மல்லிகாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்ல கவுளிண்ணே அது. அவரு போனதுலேர்ந்து அந்தப் பல்லிதான் எங்களுக்குத் தொண. எதக் கேட்டாலும் சொல்லும். மாப்பிளைக்குச் சரின்னு சொன்னதே அதுதான்."

பல்லியண்ணன் டிவிக்குப் பின்னால் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இது பல்லி இல்ல. டிஸ்க்கு. இவ்வளவு நாளா உள்ளுக்குள்ள தலைய முட்டிக்கிட்டு கெடந்திருக்கு. நீங்க கேள்வி கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

மல்லிகாக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப... மாப்பிளைக்குச் சரின்னு சொன்னது யாருண்ணே?"

பல்லியண்ணன் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

"உள்ள யாரு படம் இருக்குன்னீங்க?"

மல்லிகாக்கா டிஸ்க்கை முந்தானையில் பொதிந்து அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், அவர் அறையில் வேலை நடந்தது. டிஸ்க்கைத் திறந்தால் ஒரு தூசிகூட விழக் கூடாது. பெரிய கம்பெனிகளில் இதற்குக் கண்ணாடி அறை உண்டாம். பல்லியண்ணனிடம் கொசுவலை இருந்தது. தரையை நனைத்து, தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வலைக்குள் புகுந்தார். வெளியே மல்லிகாக்காவும் தேவியும் நானும். உள்ளே ஒரு வெள்ளை உருவம் குனிந்து, மூச்சை அடக்கி, எதையோ அறுப்பது போல அசைந்தது.

"தல மாத்துறேன். ஒருத்தரும் தும்மாதீங்க."

"யாரு தலைய?" என்றார் மல்லிகாக்கா.

"உள்ள படிக்கிற முள்ளு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேருதான் தல. இது ஒரு பெங்காலி டீச்சரோட டிஸ்க்குல இருந்து எடுத்தது. நல்ல பொம்பள."

"ஐயோ, அவரு பெங்காலி பேசிக்கிட்டு வந்துட்டா?"

"ஆராம்ஸே, பதறாதீங்க அக்கா. எப்படியாவது வரட்டும். வாறதுதானே முக்கியம்."

மூடி, கம்ப்யூட்டரில் செருகினார். டிஸ்க் முனகியது. அந்த நொடி கரண்ட் போனது. ஆட்டோ பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. இருட்டில் திரை ஒன்றே வெளிச்சம். சுவரில் ஒரு பல்லிகூடக் கத்தவில்லை.

படங்கள் வரத் தொடங்கின. பாவாடையில் தேவி. காது குத்தின தேவி. மொட்டைத் தேவி. மல்லிகாக்கா மீன் கழுவுகிறார். மல்லிகாக்கா திட்டுகிறார். படம் படமாக வந்துகொண்டே இருந்தது. துரை அண்ணன் ஒன்றிலும் இல்லை.

"எல்லாத்தையும் எடுத்ததே அவருதானே" என்றார் மல்லிகாக்கா, மெதுவாக. தேவி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

பல்லியண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. திரையைத் தட்டினார். "துரை அண்ணே, ஒரு தடவ! ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் வாங்க!"

கடைசியாக ஒரு படம் வந்தது. சாயங்காலக் கடற்கரை. மணலில் சின்னத் தேவி நிற்கிறாள். அவள் காலடி வரைக்கும் நீண்டு கிடக்கிறது ஒரு நிழல். போனைப் பிடித்த இரண்டு கைகள், வெளியே துருத்திய முழங்கைகள், ஒரு பக்கம் சாய்ந்த தலை.

"தலையச் சாச்சுக்கிட்டு..." என்றார் மல்லிகாக்கா. "அவரேதான்!"

டிஸ்க் ஒரு தடவை 'டிக்' என்றது. பிறகு நின்றது. இன்றைக்கும் அது அந்தக் கூரையில்தான் தொங்குகிறதாம்.

உயிரோடு இருக்கிற பெண் நிற்கிற படத்துக்கு மாலை போட முடியாது. பல்லியண்ணன் தேவியை வெட்டிவிட்டு, நிழலை மட்டும் பெரிதாகப் போட்டுச் சட்டமிட்டார். கல்யாணத்தன்று பெண் அழைக்க வந்த இடத்தில், வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்த மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் ஒதுங்கினார்.

"யாரு இது?"

"சம்பந்திங்க."

"ஏன் இருட்டா இருக்காரு?"

"வெயில் பின்னாடி இருந்துச்சுங்க."

மாப்பிள்ளையும் வந்து தேவியோடு சேர்ந்து விழுந்தான். அப்போது சட்டத்துக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று கேட்டது. மல்லிகாக்கா கண்ணை மூடிக் கைகூப்பினார். பல்லியண்ணன் படத்தை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தார்.

"டிஸ்க்கு இல்ல, தம்பி."

"பல்லிதானேண்ணே?"

"பல்லியும் இல்ல. மண்டபத்துக்குப் போயி பந்தியில எடம் புடி, போ."

அதன்பிறகு நான் மெயின்லேண்ட் கப்பல் ஏறிவிட்டேன். எத்தனையோ லாட்ஜ்கள், எத்தனையோ சுவர்கள். எங்கே பல்லி கத்தினாலும் மற்றவர்கள் போல எனக்குச் சும்மா படுத்திருக்க முடிவதில்லை. எழுந்து உட்கார்ந்து, "சொல்லுங்க துரை அண்ணே" என்கிறேன்.