கடுகு டின்னுக்குப் பக்கத்து டின்

பொன்னையா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது மச்சான் ஜெயரூபன் வீட்டுக் காதுகுத்தில்தான்.

"மச்சான், ஒங்க துவக்கு குருவி வெரட்டத்தான் லாயக்கு" என்றான் ஜெயரூபன். பந்தியே சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அக்காக்காரி ஜீவராணியும் தம்பியோடு சேர்ந்து சிரித்தாள். கட்டின பெண்சாதியே சிரித்தால் எந்த ஆம்பளைக்குத்தான் ரோசம் வராது?

"வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல மான் கறி. எல்லாரும் வாங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் மான் இன்னும் காட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.

ஹல்துமுல்லைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜீவராணி ஆரம்பித்தாள்.

"அந்தத் துவக்கு பன்னி வெரட்டக் குடுத்த லைசன். மானைச் சுட்டா கம்பி எண்ணணும், தெரியுமில்ல? ஒங்களுக்குச் சோறு கொண்டாந்து குடுக்க பதுளை ஜெயிலுக்கு என்னால அலைய முடியாது."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன் புள்ள."

"அப்ப சரி."

இந்த 'அப்ப சரி'தான் பொன்னையாவுக்கு ஆகாது. இருபத்துநாலு வருசக் குடித்தனத்தில் அவள் 'அப்ப சரி' என்று சொன்ன எந்த விசயமும் சரியாக முடிந்ததில்லை.

ஆனாலும் வாக்கு வாக்குதானே. துவக்கோ சின்ன வாய்த் துப்பாக்கி, தூரம் எட்டாது. மான் மேய்வதோ அவர் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கம். பொன்னையா ராத்திரி பகலாக யோசித்து ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். கனமான குண்டு பாதி வழியில் மூச்சு வாங்கும், லேசான குண்டு பறக்கும். ஆகவே ஈயத்தை உருக்கி, குண்டு ஊற்றி, அதை அராவி அராவி இளைக்க வைப்பது என்று முடிவு செய்தார். அராவுவதற்குத் தோதான இடம் கக்கூஸ்தான். அதற்கு மட்டும்தான் அந்த வீட்டில் தாழ்ப்பாள் இருந்தது.

"ஏங்க, உள்ள என்ன கரக் கரக்னு சத்தம்?"

"நகம் வெட்டுறேன்."

"மூணு நாளாவா? ஒங்களுக்கு எத்தன வெரலு?"

பொன்னையா அராவுவதை நிறுத்திக் காதைத் தீட்டினார். அவள் போய்விட்டாளா, கதவோரம் நிற்கிறாளா என்றே தெரியவில்லை. அரை மணி நேரம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்ததுதான் மிச்சம்.

குண்டு தயார். அடுத்தது வெடிமருந்து. கட்டிலுக்கடியில் வைத்த முதல் பொட்டலம் மூன்றே நாளில் களியாகிப் போனது. மலையில் மிஸ்ட் இறங்கினால் தலையணைகூட நனைந்து கிடக்கும். அந்த வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று, அடுப்புக்கு மேலே உள்ள பலகை. உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாம் குடியிருப்பது அங்கேதான். பொன்னையா ஒரு பழைய மால்ட் டின்னில் புது மருந்தைக் கொட்டி, கடுகு டின்னுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் தள்ளி வைத்தார். ஜீவராணி குட்டை, கை எட்டாது என்பது அவர் கணக்கு.

மறுநாள் பார்த்தால் டின்னில் இருந்த படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தான்தான் அப்படி வைத்தோமா? பூனை தட்டியிருக்குமா? அன்று முழுக்க அவர் ஜீவராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவளாகவே வந்தாள்.

"ஏங்க, இப்படி வந்து கெழக்கப் பாத்து ஒக்காருங்க. சுத்திப் போடணும்."

"எனக்கென்ன புள்ள, நல்லாத்தானே இருக்கேன்?"

"எங்க நல்லாருக்கீங்க? கக்கூஸே கதின்னு கெடக்குறீங்க. தனியாப் பேசுறீங்க. காதுகுத்துல எவன் கண்ணோ பட்டுருக்கு."

உப்பு, மிளகாய், கடுகு எல்லாம் எடுத்தாள். முக்காலியில் ஏறிப் பின்வரிசையிலும் கையை விட்டாள். பொன்னையா பாதி எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார். அவர் தலையை மூன்று தரம் சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்லி, கையில் இருந்ததை அடுப்பில் போட்டாள்.

பொக்கென்று ஒரு சுவாலை எழும்பிக் கூரைத் தகரத்தை நக்கிவிட்டு இறங்கியது. பொன்னையாவின் இடது புருவம் பாதி கருகியது.

"பாத்தீங்களா, எம்புட்டுக் கண்ணு" என்றாள் அவள், சாவகாசமாக.

அது கண்ணில்லை, என் மருந்து என்று சொன்னால் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் மருந்து போகும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, "ஆமா புள்ள, பொல்லாத கண்ணு" என்றார்.

"ஒரு தடவையில போகாது. வெள்ளிக்கெழமையும் போடணும்."

வெள்ளிக்கிழமை போட்டாள். அடுத்த செவ்வாயும் போட்டாள், கை நிறைய அள்ளி. டின்னை வேறு எங்கே மாற்றினாலும் மருந்து களியாகும். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்ற கேள்வியும் வரும். உண்மையிலேயே இவளுக்குத் தெரியாதா, தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்கிறாளா? யோசித்து யோசித்துப் பொன்னையாவுக்கு வலது புருவமும் கொட்டிவிடும் போலிருந்தது.

கடைசியில் டின்னை வழித்துச் சுரண்டித் தோட்டாக்களில் அடைத்தார். ஒவ்வொன்றிலும் மூக்குப்பொடி அளவுதான் விழுந்தது. லேசான குண்டுக்கு லேசான மருந்து போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை விடியக்காலை, வேடிக்கை பார்க்க ஜெயரூபனும் கூட வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் மான் நின்றது. பொன்னையா குறி பார்த்தார், மூச்சை அடக்கினார், விசையை அழுத்தினார்.

புஸ்ஸென்றது. குழாய் வாயிலிருந்து குண்டு எட்டிப் பார்த்து, இரண்டு முழம் தள்ளிச் சேற்றில் விழுந்தது. மான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு திரும்பவும் மேயப் போனது.

ஜெயரூபன் சிரிப்பை அடக்க முடியாமல் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், குருவிகூடப் பறக்கலையே."

பொன்னையா தனியாக வீட்டுக்கு வந்தார். ஜீவராணி அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வாறீங்க?"

"சும்மா நடக்கப் போனேன்."

"துவக்கையும் நடக்கக் கூட்டிப் போனீங்களாக்கும்." அவள் நிமிரவே இல்லை. "நாளைக்கு விருந்துக்கு சோயா மீட் இருக்கு. போன மாசமே வாங்கி வச்சுட்டேன்."

பொன்னையா பலகையைப் பார்த்தார். மால்ட் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"தோட்டாவுல மிச்சம் மருந்து இருந்தாக் கொட்டிக் குடுங்க" என்றாள் ஜீவராணி. "அந்த மானுக்கும் ஒருக்கா சுத்திப் போடணும். பாவம், ஒரு மாசமா ஒங்க கண்ணு பட்டுக் கெடக்கு."